ஒல்லாந்தர் காலத்தில் ஒரு விசுவாசச் சோதனை

“ஊரோடு ஒத்து ஓடு” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இல்லறம் நடத்துவோனுக்கு அது பயனுள்ள அறிவுரைதான். கிணற்றுப் பங்கும் வேலி எல்லையும் பற்றிய சிறு பிணக்குகளில் விட்டுக்கொடுத்து வாழ்பவனுக்கு ஊரிலே நன்மதிப்பு உண்டு. ஆயினும், ஒருவன் தன் உள்ளத்தால் உண்மையென்று கண்டுகொண்டதை வாயினால் பொய்யென்று சொல்லும்படி ஊரும் அரசும் சேர்ந்து கேட்குமானால், அப்பொழுதும் அவன் ஒத்து ஓடத்தான் வேண்டுமா? இந்த வினா யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நேருக்கு நேராக வந்து எதிர்கொண்டது. அவர்களில் ஒரு சாரார் கொடுத்த விடையே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

யாழ்ப்பாணத்துக் கிறித்தவ சமயத்தைப் பற்றி ஒரு கருத்துப் பரவலாக உண்டு. அது பறங்கியரின் கப்பலில் வந்தது. பதவியையும் பட்டத்தையும் காட்டி மக்களை ஈர்த்தது. அதிகாரத்தின் நிழலிலே வளர்ந்தது என்பர். இக்கருத்தை முற்றாக மறுத்தல் இயலாது. 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். இறுதி மன்னன் இரண்டாஞ் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படப் பல ஆலயங்கள் இடிக்கப்பட்டன. கோயிற்பற்றுத்தோறும் மாதா கோயில்கள் எழுந்தன. அரசனுடைய சமயமே குடிகளுடைய சமயமாதல் வேண்டும் என்பது அக்காலத்து ஐரோப்பியரின் கொள்கை. அந்நிலையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் எத்தனைபேர் உள்ளத்தால் பெற்றனர், எத்தனைபேர் ஊரோடு ஒத்து ஓடினர் என்று பிரித்தறிதல் எவராலும் இயலாத காரியம்.

அக்காலத்திலே மனத்துணிவு மறுபக்கத்தில் நின்றவர்களுக்கே வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் வாழ்ந்த சைவ வேளாளராகிய ஞானப்பிரகாசர், அதிகாரியின் உணவுக்காகப் பசுவொன்றைக் கொடுக்க வேண்டிய முறை தமக்கு வந்தபொழுது, அப்பழிக்கு உடன்படாது இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கி, இந்தியா சென்று துறவு பூண்டார் என்பது யாழ்ப்பாணத்து மரபு. சிதம்பரத்திலே அவர் பெயரால் வழங்கும் திருக்குளம் இன்றும் உண்டு. விரத நாட்களிலே மறைவாக உணவு உட்கொண்டு, உண்ட வாழையிலையைக் கூரைக்குள் செருகி ஒளித்துவைத்த குடும்பங்களைப் பற்றியும் முதியோர் சொல்லக் கேட்டிருப்போர் பலர். மனச்சாட்சிக்காகத் துன்புறுதல் எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமை அன்று என்பதை முதலிலே மனத்திற் கொள்ளுதல் நலம்.

ஆனால் கிறித்தவர்கள் அதிகாரத்தின் துணையின்றி நின்ற காலங்களும் இருந்தன. போர்த்துக்கேயர் ஆட்சி தோன்றுவதற்கு முன்னரே, 1544ஆம் ஆண்டில், மன்னார்த் தீவிலே அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. புனித சவேரியார் தென்னிந்தியக் கடற்கரையிலே பரவ மக்களிடையே பணிசெய்துகொண்டிருந்தபொழுது, மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவானவரை அனுப்பிவைத்தார். அங்கே பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அப்பொழுது யாழ்ப்பாணத்தை ஆண்ட முதலாம் சங்கிலி மன்னன் இதனை அரசியற் கண்கொண்டு நோக்கினான். சமயம் மாறியவர் நாளை போர்த்துக்கேய அரசனுக்கே பணிவர் என்று அவன் அஞ்சினான். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று வரலாறு படித்தோர் சொல்லமாட்டார். எனினும் தண்டனை விழுந்தது, வலையும் தோணியுமே உடைமையாகக் கொண்ட எளிய மக்கள்மீது. 600க்கும் 700க்கும் இடைப்பட்ட தொகையினர் கொல்லப்பட்டனர் என்பது கத்தோலிக்க வரலாற்றாசிரியர் கூறும் கணக்கு. மன்னாரிலே அவர்களைக் காத்துநிற்க அன்று போர்த்துக்கேயக் கோட்டை எதுவும் இருந்ததில்லை.

இனி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று திங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின்னர், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரும் கிறித்தவரே; ஆனால் கல்வின் என்னும் அறிஞரின் வழிநின்ற சீர்திருத்தச் சபையினர். போர்த்துக்கேயரோடு அவர்களுக்கு இருந்த பகை வாணிகப் பகையாகவும் நாட்டுப் பகையாகவும் சமயப் பகையாகவும் ஒருங்கே அமைந்திருந்தது. கத்தோலிக்கனாக இருப்பவன் மனத்தளவிற் போர்த்துக்கேயனுடைய ஆளாகவே இருப்பான் என்று ஒல்லாந்தர் எண்ணினர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சங்கிலி மன்னன் கொண்ட அதே ஐயம், இப்பொழுது வேறோர் உருவில் திரும்பி வந்தது.

கோட்டை வீழ்ந்த அதே ஆண்டிலே கட்டளை பிறந்தது. கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுள் எவரையேனும் வீட்டில் ஏற்று மறைத்துவைப்போருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. மாதா கோயில்களெல்லாம் சீர்திருத்தச் சபையின் கோயில்களாக மாற்றப்பட்டன. சுரூபங்கள் நீக்கப்பட்டன. ஒவ்வொரு கோயிலையும் சார்ந்து ஒரு பாடசாலை நிறுவப்பட்டது. அங்கே உபாத்தியாயர் எழுத்தறிவோடு புதிய சபையின் வினாவிடையையும் கற்பித்தார்.

அந்த உபாத்தியாயரின் கையிலே தான் தோம்பு இருந்தது. தோம்பு என்பது ஊரவரின் பெயர், பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடு. காணித் தோம்பு என்று நிலவுடைமைக்கு வேறொரு பதிவும் இருந்தது. பெயர் தோம்பிலே ஏறாத பிள்ளைக்குச் சட்டத்தின் முன் பிறப்பு இல்லை. சபையின் பதிவு பெறாத திருமணம் திருமணமாகக் கொள்ளப்படவில்லை. அவ்வாறு மணந்தோரின் பிள்ளைகள் முதுசொம் கேட்டு நியாயதலத்துக்குச் சென்றால் வழக்குத் தோற்றுப்போகும். உத்தியோகமோ, முதலியார் பட்டமோ, சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு எட்டாதவை. வாளைக் காட்டி அச்சுறுத்துவதைக் காட்டிலும் இந்தப் பதிவேடு ஆழமாக வெட்டியது. ஏனெனில் வாளுக்கு ஒருவன் தன் உயிரைக் கொடுக்கலாம். தோம்பிற்கோ அவன் தன் பிள்ளைகளின் வாழ்வையும் நிலத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இதன் பயன் விரைவிலே தெரிந்தது. ஒல்லாந்தப் போதகராகிய பிலிப்பு பல்தேயுஸ் யாழ்ப்பாணத்திலே சில ஆண்டுகள் பணிபுரிந்து, இந்நாட்டைப் பற்றி விரிவானதொரு நூலை எழுதி 1672இல் வெளியிட்டார். தமிழ் எழுத்துக்களை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்த ஆரம்ப நூல்களுள் அதுவும் ஒன்று. 1663ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பகுதியிலே கிறித்தவராகப் பதியப்பட்டோர் 60,000க்கும் மேற்பட்டவர் என்பது அவர் தரும் கணக்கு. ஆட்சி மாறி ஐந்தே ஆண்டுகள்! பழைய சமயத்தில் உறுதியாக இருந்தவர்களும், சைவத்தை உள்ளத்தில் வைத்திருந்தவர்களும், எதைப் பற்றியும் கவலையற்றவர்களும் அந்த ஒரே தோம்பிலே வரிசையாக நின்றனர். பல்தேயுஸ் கல்விமான், மக்கள் பெயரளவிலேயே கிறித்தவராக இருத்தலை அவரும் அறியாதவர் அல்லர்.

இவ்வாறு தோம்பிற் பெயரைப் பதிந்தவர்களையெல்லாம் கோழைகள் என்று சொல்லிவிடுதல் எளிது, நீதியன்று. பிள்ளைக்கு நாளை கஞ்சி வேண்டும் என்ற கவலை உடையவர்களின் நிலையை, அக்கவலை இல்லாத காலத்தில் இருந்துகொண்டு அளத்தல் பொருந்தாது. கத்தோலிக்கர்களில் பலரும் பிள்ளைகளின் பெயரைத் தோம்பிலே ஏற்றினர். திருமணத்தைப் பதிவு செய்தனர். அதன் பின்னர் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு, தாம் பழகிய செபங்களைச் சொன்னார்கள். குருவானவர் இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மரிக்குந் தறுவாயில் அவஸ்தைப் பூசுதல் பெறாமலே ஒரு தலைமுறை கண்மூடியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட மனமில்லாத சிலர் குடிபெயர்ந்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தை மக்கள் சிலர் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள்ளே சென்று குடியேறினர் என்றும், அவ்விடமே பின்னாளில் மடு என்னும் திருத்தலமாயிற்று என்றும் மரபு கூறும்.

பலவீனமான திரி அணைந்துபோவதற்கு முப்பது ஆண்டுகள் போதும். பழைய செபங்களை அறிந்த பாட்டன் பாட்டிமார் மறைந்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றே ஒல்லாந்தர் எதிர்பார்த்திருப்பர். அந்த வேளையிலேதான், 1687ஆம் ஆண்டில், ஒரு மனிதர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் யோசேப்பு வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் தேதி கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிலே, கொங்கணி பேசும் அந்தணர் மரபிலே பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கையிலே கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அவருடைய உள்ளத்தை வருத்திக்கொண்டே இருந்தது. ஐரோப்பியக் குருவானவர் எவரும் ஒல்லாந்தர் கண்ணிற் படாமல் நுழைய முடியாது; இந்தியர் ஒருவரால் அது கூடும் என்று அவர் எண்ணினார். தூத்துக்குடிப் பக்கம் வந்து தமிழ் கற்றார். குருமார் அணியும் அங்கியைக் களைந்து, கூலியாள் ஒருவனின் உடையைத் தரித்துக்கொண்டார். யோவான் என்னும் ஊழியன் ஒருவனே துணை. கடலிலே புயலில் அலைக்கழிந்து, பசியினாலும் நோயினாலும் மெலிந்து, ஒருவாறு யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். கடும் வயிற்றோட்டத்தால் விழுந்துகிடந்த அவருக்கு ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து உயிர் காத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பீரங்கியோடும் கொடியோடும் கோட்டையோடும் வந்த அதே சமயம், இப்பொழுது வெறுங்காலோடு, கையில் ஓட்டை ஏந்தி, வீடு வீடாகப் பிச்சை கேட்டு வந்தது. கொடுப்பதற்கு அதனிடம் பதவி இல்லை, காணி இல்லை. அதனை ஏற்பவனுக்குக் கிடைக்கக்கூடியது சிறையும் சவுக்கடியுமே.

யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்பதை அடிகளார் எவ்வாறு அறிவார்? வாய்விட்டுக் கேட்டால் ஆபத்து. அவர் தம் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டார். பிச்சைக்காரனுடைய கழுத்திலே கிடக்கும் மணிகளைக் கண்டு, எவருடைய கண்கள் ஒரு கணம் தயங்குகின்றன என்று நோக்கினார். அவ்வாறு தயங்கிய ஒரு வீட்டாரிடம் மெல்லப் பழகி, ஈற்றில் தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். மறைத்துவைத்தால் மரணம் என்ற கட்டளை நடைமுறையில் இருந்த காலம் அது. அந்த வீட்டார் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பின் இரவுகளிலே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மீண்டும் பூசை கண்டனர். நள்ளிரவுக்குப் பின் ஒரு வீட்டிலே கூடுவர், விடியுமுன் கலைந்துவிடுவர். பட்டினத்திலே தங்குவது நாளடைவில் அபாயமாயிற்று. பண்டத்தரிப்புக்கு அருகேயுள்ள சில்லாலை என்னும் கிராமத்துக்கு அடிகளார் இடம் மாறினார். சில்லாலை மக்கள் பழைய சமயத்தில் ஊன்றி நின்றவர்கள், ஒற்றுமையுடையவர்கள். அந்தக் கிராமமே அவருடைய அரணாக அமைந்தது. பகலிலே மறைந்திருந்து, இரவிலே அங்கிருந்து சுற்றுவட்டாரமெங்கும் சென்றுவந்தார். ஒரு வீட்டுக்காரன் இரகசியத்தைக் காத்தல் பெரிதன்று. ஒரு கிராமம் முழுவதும், பெண்டு பிள்ளைகள் உட்பட, காலக்கணக்காக ஓர் இரகசியத்தைக் காத்தது என்றால் அதை என்னவென்று சொல்வது! யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே வேலிக்கு வேலி செய்தி பரவும் வேகத்தை அறிந்தவர்கள் இந்த மௌனத்தின் அருமையை உணர்வர்.

தாம் எந்நாளும் இங்கே தங்க இயலாது என்பதை அடிகளார் நன்கு அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் பொதுநிலையினரையே பொறுப்பாளராக ஏற்படுத்தினார். மூப்பர் என்பவர் சமூகத்தை ஒழுங்குபடுத்துவார். அண்ணாவியார் என்பவர் செபங்களையும் ஞானோபதேசத்தையும் கற்பிப்பார். நோயுற்றோரைப் பார்த்தல், அவசர ஞானஸ்நானம் கொடுத்தல், ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல் ஆகியவை இவர்களின் கடமை. குருவானவர் சிறைப்பட்டாலும் சபை சிறைப்படாது என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

சோதனை நாள் வந்தது. அது 1689ஆம் ஆண்டின் நத்தார்த் திருவிழா என்பர். யாழ்ப்பாணத்திலே சில வீடுகளில் கத்தோலிக்கர் நத்தார்ப் பூசைக்காகக் கூடியிருந்தனர். எவரோ தகவல் கொடுத்துவிட்டனர். ஒல்லாந்தக் கும்பனியின் போர்வீரர் இரவிலே அவ்வீடுகளை வளைத்துக்கொண்டனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். ஆனால் அவர்கள் தேடிய குருவானவர் மட்டும் அகப்படவில்லை.

பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆடவர்கள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் எண்மரைத் தனியே தெரிந்தெடுத்துக் கடுமையாகத் தண்டித்தனர். அந்த எண்மரில் ஒருவர் டொம் பேதுரு என்னும் பெயரினர். அவர் சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்க சமயத்துக்கு வந்தவர். ஆதலால் அதிகாரிகளுடைய சினம் அவர்மீது இருமடங்காக விழுந்தது. அரசாங்கச் சபையிலே இருந்துகொண்டே அவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். மீண்டும் அச்சபைக்குத் திரும்புவதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றும் அவர் வீடு திரும்பியிருக்கக்கூடும். அவர் சொல்லவில்லை. அடிபட்டே உயிர் துறந்தார். மற்றை எழுவரும் சவுக்கால் அடிக்கப்பட்டு, விலங்கு பூட்டி ஆயுள் முழுவதும் கடூழியம் செய்யுமாறு விதிக்கப்பட்டனர்.

இந்த இடத்திலே ஒரு வினா எழுதல் இயல்பு. இரவிலே மறைந்து பூசை கண்டவர்களைத் துணிவுடையோர் என்று சொல்லுதல் தகுமா? உண்மையான துணிவுடையோன் பகலிலே, நாற்சந்தியிலே நின்று தன் சமயத்தை அறிக்கையிட மாட்டானா? இந்த வினாவுக்கு அந்நத்தார் இரவே விடை தருகின்றது. மறைத்தல் வேறு, மறுத்தல் வேறு. பசுவை மேயவிட்டவன் புலியின் வாயிலே அதைக் கொண்டுபோய்க் கட்டுவதில்லை; அவ்வாறே தம் குருவானவரைக் காப்பாற்றும் பொருட்டு இம்மக்கள் இருளைத் துணையாகக் கொண்டனர். அது விவேகம். ஆனால் இருளுக்குள் வெளிச்சம் பாய்ச்சப்பட்டு, “நீ யார்?” என்று அதிகாரி முகத்துக்கு நேரே கேட்ட கணத்திலே, விவேகத்தின் வேலை முடிந்துவிட்டது. அப்பொழுது சொல்வதற்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடைகள் இருந்தன. அதுவரை சாமர்த்தியமாக ஒளிந்திருந்தவர்கள், அந்த வினாவுக்கு ஒளிக்காமல் விடை சொன்னார்கள். துணிவு என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான பொருள் தேடவேண்டியதில்லை.

அவர்கள் தண்டித்தவரைத் திருப்பித் தாக்கவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. பிறருடைய கோயிலை இடிப்பதற்கும் துணிவு வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு வேண்டியது பலம் மாத்திரமே. பலம் இருந்த காலத்தில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்திலே செய்தவை, அவர்கள் போற்றிய சமயத்துக்கு எந்தப் பெருமையையும் தேடித்தரவில்லை. பலம் முற்றாகப் போன பின்னர், கையிலே ஒன்றும் இல்லாத எண்மர் செய்ததே அச்சமயத்துக்கு இந்த மண்ணிலே வேர் உண்டு என்பதைக் காட்டியது.

யோசேப்பு வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். 1692இல் அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தினால் சிறையிடப்பட்டார். அவர் ஒற்றர் அல்லர் என்பதை நாளடைவில் அறிந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குச் சமயப் பணி செய்யும் சுதந்திரத்தை அளித்தான். 1697இலே கண்டியில் பெரியம்மை நோய் பரவி, மக்கள் தம் உறவினரையே கைவிட்டு ஓடியபொழுது, அடிகளார் சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். கிறித்தவக் கும்பனி மறுத்த அடைக்கலத்தைப் பௌத்த மன்னன் கொடுத்தான் என்பது இந்நாட்டு வரலாற்றிலே மறக்கத்தகாத செய்தி. கண்டியைத் தளமாகக் கொண்டே கோவாக் குருமார் மேலும் பலர் இலங்கையெங்கும் பணிபுரிந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் அரிய நூல்களை இயற்றியவர். வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் தேதி கண்டியிலே காலமானார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலிலே அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத்திலே 1795 வரை நீடித்தது. பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சைவ ஆலயங்களும் மீண்டும் எழலாயின. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் புதிதாக அமைக்கப்பட்டதும் ஒல்லாந்தர் காலத்திலேதான். சீர்திருத்தச் சபையிலும் உள்ளத்தூய்மை உடையோர் இருந்தனர் என்பதை மறத்தல் கூடாது. தமிழ்ப் போதகராகிய பிலிப்பு தெ மெல்லோ அச்சபையிலே குருத்துவம் பெற்று, விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்புக்காக உழைத்த பேரறிஞர். எனினும், தோம்பின் வலிமையினாலே திரட்டப்பட்ட பெருங்கூட்டத்தின் நிலை வேறு. ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியவுடன், பதிவேட்டிலே நிரம்பியிருந்த ஆயிரமாயிரம் பெயர்களுக்குரியவர்கள் அமைதியாகத் தத்தம் வழியே சென்றுவிட்டனர்.

1806ஆம் ஆண்டிலே தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு இருந்த சட்டத் தடைகளை நீக்கினார். இங்கிலாந்திலே கத்தோலிக்கர் அத்தகைய விடுதலையைப் பெறுவதற்கு 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1806இல் குளோடியஸ் புகானன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சீர்திருத்தச் சபையின் கோயில்கள் கைவிடப்பட்டுக் கிடந்ததைக் கண்டு அவர் வருந்தினார். தஞ்சாவூரிலே சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற கிறிஸ்தியான் தாவீது என்னும் உபதேசியார் ஒருவரே அங்கு அச்சமயப் பணியைச் செய்துகொண்டிருந்தார். கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமாரின் சபையோ உயிரோடு இயங்கிக்கொண்டிருந்தது. கத்தோலிக்க சமயத்தின்மீது பற்றில்லாத ஒருவரின் சாட்சியம் ஆகையால் இதற்குப் பெறுமதி அதிகம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசின் முழு ஆதரவையும் பெற்றிருந்தது வாடியது. அதே காலத்தில் அரசின் தடையைச் சுமந்துநின்றது வாழ்ந்தது.

இதனாலே சீர்திருத்தக் கிறித்தவம் பொய், கத்தோலிக்கமே மெய் என்று முடிவு கட்டுதல் தவறு. 1816க்குப் பின் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பணி தொடங்கியபொழுது, அவர்களிடம் அரச அதிகாரம் இருக்கவில்லை. அக்காலத்திலே அச்சபையிற் சேர்ந்த இளைஞர் பலர் வீட்டாரின் வெறுப்பையும் உறவினரின் விலக்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கேயும் சமயம் வேரூன்றியது. ஆக, பாடம் எந்தச் சபைக்கும் பொதுவானது: பயத்தினாலும் பயன்கருதியும் பெறப்படும் விசுவாசம், பயமும் பயனும் நீங்கும் நாளிலே தானும் நீங்கிவிடும், விலை கொடுத்துப் பெறப்பட்டதே நிலைக்கும்.

இன்று யாழ்ப்பாணத்திலே எந்தத் தோம்பும் ஒருவனுடைய சமயத்தைக் கேட்டு அவன் காணியைப் பறிப்பதில்லை. ஒரே ஒழுங்கையிலே நத்தார் விளக்கும் தைப்பொங்கற் கோலமும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஆயினும் மனச்சாட்சிக்கு வரும் சோதனை ஒழிந்துவிடவில்லை. அது சிறிய உருவங்களிலே வருகின்றது. அலுவலகத்திலே பொய்க் கணக்கொன்றுக்குக் கையொப்பம் கேட்கும்பொழுது, “என் வேதம் இதற்கு இடந்தராது” என்று சொல்வதற்கு ஒருவன் நாணலாம். சீதனப் பேச்சு பேராசையாக மாறும் சபையிலே, ஞாயிறு தோறும் கோயிலுக்குச் செல்பவன் வாய்மூடி இருந்துவிடலாம். நண்பர்கள் பிறசமயத்தாரை இழித்துப் பேசுமிடத்திலே, அன்பைப் போதிக்கும் சமயத்தைச் சேர்ந்தவன் தானும் சேர்ந்து சிரித்துவிடலாம். இவ்விடங்களிலே சவுக்கு இல்லை, விலங்கு இல்லை. சற்று ஏளனமும் சிறிது நட்டமுமே உண்டு. அந்த அளவுக்கே அஞ்சுகின்றவன், நத்தார் இரவிலே வளைக்கப்பட்ட வீட்டினுள் இருந்திருந்தால் என்ன விடை சொல்லியிருப்பான் என்பதைத் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

அந்த எண்மரில் ஒருவருடைய பெயரே பரவலாக அறியப்பட்டுள்ளது. எஞ்சிய எழுவரும் விலங்கோடு கல்லும் மண்ணும் சுமந்து, எத்தனை ஆண்டுகள் வாழ்ந்து, எங்கே மடிந்தனரோ, அவர்களுக்கென எழுந்த கல்லறை எதுவும் இல்லை. கஞ்சி வார்த்த பெண்ணுக்கும், கதவைத் திறந்துவிட்ட வீட்டாருக்கும், வாய் திறவாத சில்லாலைக் கிராமத்தாருக்கும் பெயர்ப்பலகை இல்லை. ஆனால் பண்டத்தரிப்புப் பகுதியிலும் தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் ஞாயிறு காலையிலே கோயில் மணி ஒலிக்கும்பொழுது, செபமாலையைக் கையிலெடுத்துப் புறப்படும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அம்மக்கள் மறுத்துச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லாது விட்டதனால் அந்த மணி இன்றும் ஒலிக்கின்றது.